ஏவத் தெரிந்தார்க்கே எந்திரம்

தமிழில் ஒரு வினைச்சொல்லைப் பகுத்துக்கொண்டே சென்றால் கடைசியில் கிடைப்பது ஓர் ஏவல். 'நடந்தான்' என்பதைப் பிரித்தால் 'நட' எஞ்சுகிறது. 'உண்டாள்' என்பதைப் பிரித்தால் 'உண்' எஞ்சுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், வினைப்பகுதிகள் எவ்வெவ் எழுத்தில் முடியும் என்பதை 23 வாய்பாடுகளால் காட்டியபோது அவற்றை ஏவல் வினைப் பகாப்பதம் என்றே வகுத்தார். இலக்கண வகுப்பில் மாணவர்கள் சலிப்போடு உருப்போடும் பகுதி இது. ஆயினும் இன்று உலகில் மிகுந்த ஆற்றல் வாய்ந்த கணிப்பொறிகளின் முன் அமரும் அறிவியலாளர் செய்வதும் இதுவே. ஒரு பகாப்பத ஏவலைத் தட்டச்சு செய்கிறார். அதன்பின் சில அடைகளைச் சேர்க்கிறார். அச்செயல் எதன்மீது நிகழ வேண்டும் என்பதை எழுதி வரியை முடிக்கிறார். எந்திரம் கீழ்ப்படிகிறது, இல்லையேல், ஏன் கீழ்ப்படிய இயலவில்லை என்பதை அதுவும் எழுத்திலேயே கூறுகிறது. இதனைக் கட்டளை வரி என்பர்.

தமிழ்த்துறை மலரில் கணிப்பொறிக்கு என்ன வேலை என்று சான்றோர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. பல வரைகலைச் செயலிகளை ஒருங்கே ஏவி அறிவியல் மென்பொருளை இயக்கும் கலையைப் பற்றி இயற்பியல் துறையினர் எழுதியிருந்தால் நான் எழுதத் தேவையில்லை. ஆனால் விழுப்புரம், திண்டிவனம், காணை ஆகிய பகுதிகளின் மாணவர்க்கு எட்டாமல் நிற்பது அந்த எந்திரமன்று, எழுதி ஏவும் பழக்கமே என்பது என் கருத்து. அப்பழக்கம் மொழிப்பயிற்சியின்பாற்பட்டது. ஆதலின் இப்பொறுப்பில் ஒரு பங்கு தமிழ்த்துறைக்கும் உண்டு.

முதலில், இத்தகைய கணக்கீடு நமக்கு அயலானதன்று என்பதை நினைவுகூர வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு 1952-ஆம் ஆண்டில் தலைமை ஏற்ற ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தா என்பவருடன் சேர்ந்து 1954-இல் கொலாஜன் என்னும் புரதத்தின் வடிவத்தை ஆராய்ந்து, அது மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று கண்டார். தோலுக்கு உறுதி தருவது அந்தப் புரதம்தான். ஆய்வுக்கு வேண்டிய கொலாஜன், பல்கலைக்கழகத்தின் அண்டையில் இருக்கும் மையத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தது. தோல் வாணிகத்தில் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்ட குடும்பங்களின் பெரியோர் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்கள் கையாண்ட பொருளிலிருந்து உலக அறிவியலின் ஓர் அத்தியாயம் கிண்டியில் எழுதப்பட்டது என்பது பெருமைக்குரிய செய்தி. பின்னர் 1963-இல் இராமச்சந்திரனும், சி. இராமகிருஷ்ணனும், வி. சசிசேகரனும் புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம், எந்தெந்தக் கோணங்களில் மடங்க இயலாது என்பதை ஒரு வரைபடமாக வெளியிட்டனர். அணுக்கள் ஒன்றோடொன்று மோதும் கோணங்களைக் கணக்கிட்டுக் கணக்கிட்டு விலக்கினர். இன்றும் உலகெங்கும் உயிர்வேதியியல் பாடநூல்களில் இராமச்சந்திரன் வரைபடம் என்ற பெயரோடு அது இடம்பெறுகிறது.

அவர்கள் கணக்கிட்டது, சங்கிலியின் ஒரு கண்ணியை. இன்று கணிப்பொறியில் ஒரு முழுப் புரதத்தை, அதைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளோடு சேர்த்து, அணு அணுவாக அசைத்துப் பார்க்கிறார்கள். ஒவ்வோர் அடியிலும் ஒவ்வோர் அணுவின்மீதும் செயல்படும் விசையைக் கணித்து, அதைச் சிறிது நகர்த்தி, மீண்டும் கணிக்க வேண்டும். ஓர் அடி என்பது இரண்டு ஃபெம்டோ வினாடி. ஒரு வினாடியை ஒன்றுக்குப் பின் பதினைந்து சுழியங்கள் இட்ட எண்ணால் வகுத்தால் வருவது ஒரு ஃபெம்டோ வினாடி. இவ்வாறு ஒரு மைக்ரோ வினாடி நேரத்து அசைவைக் காண 50 கோடி அடிகள் தேவை. ஒவ்வோர் அடியிலும் பல்லாயிரம் அணுக்கள். இந்தப் பெருங்கணக்கைத்தான் வரைகலைச் செயலிகள் சுமக்கின்றன.

வரைகலைச் செயலி என்பது ஜி.பி.யூ. எனப்படும் சில்லு. திரையில் விளையாட்டுப் படங்களை விரைந்து வரைவதற்காகப் பிறந்தது. 2007-ஆம் ஆண்டில் என்விடியா நிறுவனம் கூடா என்னும் நிரலாக்க முறையை வெளியிட்டபின் அறிவியல் கணக்குகளுக்கு அதனைப் பயன்படுத்துவது எளிதாயிற்று. அதற்கும் மையச் செயலிக்கும் உள்ள வேறுபாட்டை நம் ஊர் வயல் வரப்பில் நின்றே விளக்கிவிடலாம். மையச் செயலி கணக்கப்பிள்ளையைப் போன்றது. எவ்வளவு சிக்கலான கணக்கையும் ஒருவராகப் பார்ப்பார். வரைகலைச் செயலி நடவுக்கு வந்த பெண்களைப் போன்றது. எல்லோரும் ஒரே வேலையை, ஒரே நேரத்தில், வரிசையாகச் செய்வார்கள். கணக்கப்பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரராயினும் ஓர் ஏக்கர் நாற்றைத் தனியே நட இயலுமோ? என்விடியாவின் ஏ100 என்னும் ஓர் அட்டையில் மட்டும் இத்தகைய கைகள் 6,912 உள்ளன.

ஓர் அட்டை போதாதபோது இரண்டு, நான்கு, எட்டு என்று ஒரே பெட்டியில் பொருத்துகிறார்கள். இங்கேதான் ஏவுபவரின் மொழியறிவு சோதிக்கப்படுகிறது.

எடுத்துக்காட்டாக ரிலையான் என்னும் மென்பொருளைக் கூறலாம். உறைநிலை மின்னணு நுண்ணோக்கி எடுத்த இலட்சக்கணக்கான மங்கலான படங்களிலிருந்து ஒரு மூலக்கூற்றின் முப்பரிமாண வடிவத்தை மீட்டெடுக்கும் மென்பொருள் இது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள மூலக்கூற்று உயிரியல் ஆய்வகத்தில் ஷோர்ஸ் ஷெரஸ் என்பவர் உருவாக்கி 2012-இல் வெளியிட்டார். 2016-இல் வரைகலைச் செயலிகளில் இயங்கும் வடிவம் வந்தது. அந்த ஆய்வகத்தின் பெயர் நமக்குப் புதிதன்று. ரைபோசோமின் அமைப்பைக் கண்டு 2009-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் பணியாற்றிய இடம் அது. அவர் பிறந்தது 1952-இல் சிதம்பரத்தில். அன்று சிதம்பரமும், விழுப்புரமும், திண்டிவனமும் ஒரே தென்னார்க்காடு மாவட்டம்; 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள்தான் நாம் பிரிந்தோம். (அவர் மூன்று வயதிலேயே குடும்பத்தோடு பரோடா சென்றுவிட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஊர்ப்பெருமை பேசுவோர் அப்பகுதியை விட்டுவிடுவது வழக்கம்.)

நான்கு வரைகலை அட்டைகள் உள்ள எந்திரத்தில் ரிலையானை இயக்க விரும்புபவர், அட்டைக்கு ஓர் ஆள் வீதம் நான்கு ஆள்களை அனுப்பினால் போதும் என்று நினைப்பார். அது தவறு. ஐந்து ஆள்களைத் தொடங்குமாறு ஏவ வேண்டும். ஏனெனில் முதல் ஆள் கங்காணி. அவர் நாற்றைத் தொடமாட்டார். யார் எந்தப் பாத்தியில் நட வேண்டும் என்று பங்கிட்டுக் கொடுத்து, முடிந்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டு நிற்பார். நான்கு பேரை மட்டும் அனுப்பினால் ஒருவர் கங்காணியாகிவிடுவார். வேலைக்கு மூவரே எஞ்சுவர். நான்காவது அட்டை நாள் முழுதும் சும்மா கிடக்கும். எந்திரம் இதனைப் பிழை என்று சொல்லாது. வேலை நடக்கும், மெதுவாக நடக்கும், அவ்வளவே.

நிறுத்தக்குறி கூட இங்கு ஆட்சி செய்கிறது. அட்டைகளைக் குறிக்கும் இடத்தில் 0:1:2:3 என்று முக்காற்புள்ளி இட்டு எழுதினால், ஆளுக்கு ஓர் அட்டை என்று பொருள். 0,1:2,3 என்று எழுதினால், முதல் ஆளுக்கு 0, 1 ஆகிய இரண்டும் இரண்டாம் ஆளுக்கு 2, 3 ஆகிய இரண்டும் என்று பொருள். காற்புள்ளி ஓர் ஆளின் கைக்குள் சேர்க்கிறது. முக்காற்புள்ளி ஆளையும் ஆளையும் பிரிக்கிறது. 'கீரை கடை' என்பது ஏவல். 'கீரைக்கடை' என்பது கடைத்தெருவில் இருக்கும் கடை. ஓர் ஒற்று நடுவில் வந்ததும் ஏவல் மறைந்து பெயராகிவிடுகிறது. வல்லினம் மிகும் இடத்தையும் மிகா இடத்தையும் பொருளுணர்ந்து கற்ற மாணவனுக்குக் கட்டளை வரியின் காற்புள்ளியைக் கற்பிக்க நெடுநேரம் ஆகாது. ஒற்றுப்பிழையைப் பொருட்படுத்தாமல் தேர்ச்சி பெற்றவனுக்குத்தான் ஆகும். இதனை நான் தமிழாசிரியனின் குறையாகவும் கொள்ளத் தயார்.

எண்ணும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. எந்திரம் சுழியத்திலிருந்து எண்ணுகிறது. நான்கு அட்டைகளுக்கு 1, 2, 3, 4 என்று எழுதினால் 4 என்னும் எண்ணுடைய அட்டை இல்லை என்ற மறுப்பு வரும். இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்று உள்ளது. ஒரு மென்பொருளின் கண்ணுக்குக் குறிப்பிட்ட அட்டைகள் மட்டுமே தெரியுமாறு முன்கூட்டியே எழுதி வைக்கும் வசதி உண்டு. 2, 3 ஆகிய இரண்டு மட்டும் தெரியட்டும் என்று விதித்தால், உள்ளே நுழைந்த மென்பொருள் அவற்றை 0, 1 என்று புதிதாக எண்ணிக்கொள்ளும். தேர்வு மண்டபத்தில் பதிவெண் வேறு, இருக்கை எண் வேறு ஆவது போல. இது தெரியாமல் உள்ளே சென்று மீண்டும் 2, 3 என்று கேட்பவருக்கு இல்லை என்ற விடையே கிடைக்கும்.

ஆள்களைக் கூட்டினால் வேலை விரையும் என்பது எப்போதும் உண்மையாவதில்லை. ரிலையானில் ஒவ்வொரு படமும் தனித்தனி வேலை. ஆதலின் பங்கிடுவது எளிது. அணுக்களை அசைக்கும் குரோமாக்ஸ் போன்ற மென்பொருளில் நிலைமை வேறு. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் 1990-களின் தொடக்கத்தில் பிறந்து, இன்று ஸ்வீடனை மையமாகக் கொண்டு வளரும் கட்டற்ற மென்பொருள் அது. யாரும் விலையின்றிப் பெறலாம். நான்கு அட்டைகளைக் கொடுத்தால் அது நீர்ப்பெட்டியைப் பாத்திகளாகப் பிரித்துக்கொள்ளும். ஆனால் பாத்தியின் வரப்போரத்து அணு, அடுத்த பாத்தியின் வரப்போரத்து அணுவை ஒவ்வோர் அடியிலும் அறிய வேண்டும். ஆதலின் 50 கோடி முறையும் அண்டை வீட்டாரிடம் சென்று கேட்டுவர வேண்டியிருக்கிறது. தொலைவில் உள்ள மின்னூட்டங்களின் விசையோ எல்லோரும் எல்லோரையும் அறிந்தாலன்றிக் கணிக்க முடியாதது. அதனால் வழக்கமாக அப்பகுதியை ஓர் அட்டைக்குத் தனியே ஒதுக்கி, மற்ற மூன்றுக்கும் பாத்திகளைக் கொடுப்பர். இந்த ஒதுக்கீடு முழுவதும் ஒரே கட்டளை வரியில், இரண்டு மூன்று அடைகளால் எழுதப்படுகிறது.

கேட்டுவரும் வழியும் முக்கியம். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி சென்ற மீட்டர் பாதையை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். காட்பாடியில் அது சென்னை மார்க்கத்து அகலப் பாதையைச் சந்தித்தது. ஒரு பாதையின் பெட்டி மறு பாதையில் ஓடாது. சரக்கை இறக்கி மறுபடியும் ஏற்றித்தான் ஆக வேண்டும். ஓர் அட்டையிலிருந்து மற்றோர் அட்டைக்குச் செல்லும் தரவு, மையச் செயலியின் நினைவகத்தில் இறங்கி ஏறிச் சென்றால் அதே காலத்தாழ்வுதான். அட்டைகளுக்கிடையே நேர்வழி அமைத்த எந்திரங்களில் வண்டி நிற்காமல் செல்கிறது. ஆகையால் சிறிய புரதத்தை நான்கு அட்டைகளுக்குப் பங்கிட்டால் நட்டதைவிட நடந்ததே மிகுதியாகும். அத்தகைய இடத்தில் அறிந்தவர் செய்வது, அட்டைக்கு ஒன்றாக நான்கு தனித்தனி ஓட்டங்களைத் தொடங்குவது. அப்போதும் மையச் செயலியின் உள்ளகங்களை நால்வருக்கும் பிரித்துக் கொடுக்குமாறு எழுத வேண்டும். இல்லையேல் நால்வரும் ஒரே கணக்கப்பிள்ளையின் முன் நின்று காத்திருப்பர். குரோமாக்ஸ் தன் ஓட்டத்தின் முடிவில், ஒரு நாளில் எத்தனை நானோ வினாடி கடந்தேன் என்று கணக்குக் காட்டுகிறது. அதற்குக் கீழே வேடிக்கையாக ஒரு மேற்கோளையும் அச்சிடுகிறது. மேற்கோளைப் படித்துச் சிரித்துவிட்டுக் கணக்கைப் படிக்காமல் எழுந்து செல்பவர்களே பெரும்பாலோர்.

இதனை நான் ஏன் இவ்வளவு விரித்துரைக்கிறேன் எனின், இது பொதுப்பணம் பற்றிய செய்தி. எனக்குத் தெரிந்த ஒரு மாணவர், காணை ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து இயற்பியல் முதுகலை முடித்தவர், ஆய்வுத் திட்டத்திற்காகப் பெரிய நிறுவனம் ஒன்றுக்குச் சென்றார். முதல் நாள் அவருக்குக் கிடைத்தது ஒரு பயனர் பெயர், ஒரு கடவுச்சொல், ஒரு கறுப்புத் திரை. எதைச் சொடுக்குவது என்று தேடினாராம்; சொடுக்க ஒன்றுமில்லை. அருகிலிருந்தவர் கொடுத்த வரிகளை அப்படியே படியெடுத்து நான்கு அட்டைகளைக் கேட்டுப் பெற்றார். நான்கு நாள்கள் ஓடின. ஐந்தாம் நாள் ஒருவர் வந்து, அட்டைகளின் நிலையைக் காட்டும் ஏவலைத் தட்டிப் பார்க்கச் சொன்னபோது, ஓர் அட்டை மட்டும் உழைத்திருந்தது. மூன்று சும்மா இருந்தன. வரிசையில் வேறு ஆய்வாளர்கள் காத்திருந்தனர். அவரை எவரும் கடிந்துகொள்ளவில்லை. அம்மாணவர் அறிவில் குறைந்தவரல்லர். குவாண்டம் இயக்கவியலில் வகுப்பில் முதல்வர். ஐந்தாண்டுக் கல்லூரிப் படிப்பில் ஒரு முறையேனும் ஓர் ஏவலைத் தாமாக எழுதி, அதற்கு எந்திரம் தந்த விடையைத் தாமாகப் படிக்கும் வாய்ப்பை அவருக்கு யாரும் தரவில்லை.

அந்த எந்திரங்கள் எளிதில் வந்தவை அல்ல. 1980-களில் அமெரிக்காவிடம் மீத்திறன் கணிப்பொறி வாங்க நாம் முயன்றபோது தடைகள் எழுந்தன. 1988-இல் புணேயில் உயர்கணிப்பு வளர்ச்சி மையமாகிய சி-டாக் தொடங்கப்பட்டு, விஜய் பட்கர் தலைமையில் 1991-இல் பரம் 8000 உருவாயிற்று. ஒரே பெருஞ்செயலிக்கு ஏங்காமல் பல சிறு செயலிகளை இணைத்து வேலையைப் பங்கிடும் வழியை அன்றே நம்மவர் தேர்ந்தனர். 2004-இல் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் 144 கணுக்களை இணைத்துக் கப்ரு என்னும் கொத்தினை அமைத்து, உலகின் முதல் 500 கணிப்பொறிகளின் பட்டியலில் இடம்பெற்றது. 2015-இல் 4,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தேசிய மீத்திறன் கணிப்பு இயக்கத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. 2020-இல் புணே சி-டாக்கில் நிறுவிய பரம் சித்தி, எட்டு ஏ100 அட்டைகள் கொண்ட 42 கணுக்களால் ஆனது. அவ்வாண்டு நவம்பர் பட்டியலில் 63-ஆம் இடம் பெற்றது. 2022-ஆம் ஆண்டு மே மாதம் திருச்சிராப்பள்ளி தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் 838 டெராஃபிளாப் திறனுடைய பரம் பொருள் தொடங்கப்பட்டது. பொருள் என்பது தமிழில் செல்வத்தையும் குறிக்கும், சொல்லின் கருத்தையும் குறிக்கும். எழுதிய சொல்லின் பொருளுணர்ந்து இயங்கும் எந்திரத்துக்கு இதனினும் ஏற்ற பெயர் இல்லை.

திருச்சிராப்பள்ளி நமக்குத் தொலைவன்று. விழுப்புரம் சந்திப்பில் காலையில் வண்டி ஏறினால் நண்பகலுக்குள் இறங்கிவிடலாம். உண்மையில் ஏறவும் வேண்டியதில்லை. கட்டளை வரியின் பெருஞ்சிறப்பே இதுதான். அனுமதி பெற்றவர் எவ்வூரிலிருந்தும், பழைய கணிப்பொறி ஒன்றிலிருந்தும், மெலிந்த இணைய இணைப்பிலும் உள்ளே செல்லலாம். செல்வதும் வருவதும் எழுத்தே ஆதலின் ஒரு புகைப்படத்தை அனுப்புவதைவிடக் குறைந்த சுமையே ஆகும். வண்ணச் சாளரங்களும் படங்களும் கேட்கும் எந்திரமாயின் காணைக்கு அது என்றும் எட்டாது. எழுத்தைக் கேட்கும் எந்திரமாதலால் எட்டுகிறது. வறியவனுக்குச் சாதகமான வாயில் எதுவோ அதையே நாம் கடினமானது என்று சொல்லி அடைத்து வைத்திருக்கிறோம்.

இதற்கு இரண்டு மறுப்புகளைக் கேட்டிருக்கிறேன். சாளரமும் சுட்டியும் வந்தபின் கறுப்புத் திரை காலாவதியாகிவிட்டது என்பது ஒன்று. 2017-ஆம் ஆண்டு நவம்பர் முதல் உலகின் முதல் 500 கணிப்பொறிகள் அனைத்தும் லினக்ஸ் இயங்குதளத்தில்தான் ஓடுகின்றன. அவற்றிடம் ஆய்வாளர் வேலையை ஒப்படைப்பது பெரும்பாலும் எழுதிய கட்டளைகளால்தான். நூறு முறை சொடுக்கிய வேலையை நூற்றொன்றாம் முறை அப்படியே செய்துகாட்ட எவராலும் இயலாது. எழுதிய ஏவலோ சான்றாக நிற்கும், பிறரால் சரிபார்க்கப்படும். அறிவியலுக்கு அச்சான்று வேண்டும். இம்மறுப்பை இதற்குமேல் தொடர வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு வலியது. செயற்கை நுண்ணறிவிடம் தமிழிலேயே கேட்டால் அதுவே கட்டளை வரியை எழுதித் தருகிறதே, மாணவன் ஏன் கற்க வேண்டும் என்கிறார்கள். எழுதித் தருகிறது, உண்மை. பல வேளைகளில் சரியாகவும் தருகிறது. ஆனால் ஐந்து ஆள்கள் வேண்டிய இடத்தில் நான்கு என்று எழுதித் தந்தால் கண்டுபிடிப்பது யார்? எந்திரம் அதைப் பிழை என்று சொல்லாது என்பதை மேலே கண்டோம். ஒரு தலைமுறைக்கு முன் நம் சிற்றூர்களில் பத்திரம் எழுதுபவர் எழுதி, படித்துக் காட்டி, விரலைப் பிடித்து மையில் தோய்த்துக் கைநாட்டு வாங்கினார். நிலத்தின் எல்லை எழுத்தில் எங்கே நகர்ந்தது என்று கைநாட்டு வைத்தவருக்குத் தெரியாது. அந்த அவலம் தீரவே 1990-களில் அறிவொளி இயக்கத் தொண்டர்கள் இரவில் விளக்கேற்றி எழுத்தறிவித்தனர். படிக்கத் தெரியாத கட்டளை வரியைப் பெற்று ஏவும் பட்டதாரியும் கைநாட்டு வைப்பவரே. எழுதித் தரும் துணை இருப்பது நல்லது; அதைப் படித்துக் கேள்வி கேட்கும் திறன் நம்மிடம் இருக்கும்போது மட்டும்.

கல்லூரி என்ன செய்யலாம்? பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை. லினக்ஸ் விலையற்றது, கழித்துக் கட்டிய கணிப்பொறிகளிலும் ஓடும். வரைகலை அட்டை இல்லாமலே ஏவலின் இலக்கணத்தைக் கற்பிக்கலாம். அட்டை வேண்டுமெனின், கேகிள் போன்ற இணையத்தளங்கள் அண்மை ஆண்டுகளில் இரண்டு அட்டைகள் கொண்ட எந்திரத்தை வாரத்தில் சில மணி நேரம் கட்டணமின்றி வழங்கியுள்ளன. இரண்டு என்பதே பங்கிடும் கலையைப் பழகப் போதுமான எண். இயற்பியல், வேதியியல், கணிதத் துறைகளின் மாணவர்க்கு வாரம் ஒரு மணி நேரம், மதிப்பெண் இல்லாமல், தேர்வு இல்லாமல் ஒதுக்கலாம். மதிப்பெண் வைத்தால் குறிப்பேட்டில் எழுதி மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுவார்கள் என்பதால் இதனை வற்புறுத்துகிறேன். ஏவலைத் தட்ட வேண்டும். பிழைச்செய்தி வர வேண்டும். அதை உரக்கப் படித்து, தமிழில் பொருள் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரிக்குச் செல்ல வேண்டும். பிழைச்செய்தியைக் கண்டதும் திரையை மூடிவிடும் வழக்கம் ஒன்று நம் மாணவரிடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் வந்த திட்டாக அதை எண்ணுகிறார்கள். அது பெரும்பாலும் பயனுள்ள தகவல்.

தமிழ்த்துறை செய்ய வேண்டியது ஒரு சிறு கையேடு. நாற்பது பக்கங்கள் போதும். எழில் என்னும் நிரல்மொழி தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத வழிசெய்திருப்பதை நான் வரவேற்கிறேன். ஆனால் இக்கையேடு அத்தகைய புதுமொழியை நாட வேண்டாம். குரோமாக்ஸும் ரிலையானும் ஆங்கில ஏவல்களையே கேட்கும். அவற்றை அப்படியே தந்து, ஒவ்வோர் அடையின் பொருளையும் நடவு வயலும் இரயில் பாதையும் தெரிந்த மாணவனுக்கு விளங்கும் தமிழில் உரை எழுத வேண்டும். மூலத்தை மாற்றாமல் உரை எழுதும் மரபு நமக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது.

கலைச்சொற்களில் சில இப்போதே கைவசம் உள்ளன. கொத்தின் ஓர் உறுப்பைக் கணு என்கிறோம். முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய வீட்டுப் பிள்ளைக்கு அச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஒரு செயலுக்குள் ஓடும் கிளையை இழை என்பதா, புரி என்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நான் இழை என்பேன், இயற்பியல் துறை நண்பர் புரி என்கிறார். ரிலையானின் முதல் ஆளுக்குத் தலைவர் என்று ஆங்கிலத்தை ஒட்டிப் பெயரிடலாம் என்று ஒருவர் கூறினார். கங்காணி என்பதே தகும் என்பது என் வாதம். தேயிலைத் தோட்டங்களுக்குக் கடல் கடந்து சென்ற நம் முன்னோர்க்கு அச்சொல் தந்த கசப்பை எண்ணி வேண்டாம் என்று மூத்த பேராசிரியர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. வரும் கல்வியாண்டில் கையேட்டுப் பணி தொடங்கும்போது முதல் கூட்டத்தில் இந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம்.